தாய் ஏசினதாலதானா?

குருவிட்டயைச் சுற்றிய றப்பர், தேயிலைத் தோட்டங்களில் பதின்ம வயதுப் பிள்ளை ஒன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டால், பந்தல்கால் ஊன்றுவதற்கு முன்பே காரணம் ஊன்றப்பட்டுவிடும். "தாய் ஏசிட்டாளாம்." இஸ்தோப்பில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் அதைத் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் கொஞ்சம் உரத்தே சொல்வார்கள். மரண விசாரணையில் அதே வாக்கியம் சாட்சியமாக எழுதப்படும். தாய் ஏசியதாக யாருக்கும் தெரியாவிட்டால் இன்னொரு வாக்கியம் தயாராக இருக்கிறது: செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள். அவள் சவூதியிலோ குவைத்திலோ இருந்தால், விட்டுவிட்டுப் போனவள். தோட்டத்திலேயே இருந்தால், கவனிக்கத் தெரியாதவள். எந்தப் பக்கம் திருப்பினாலும் கூண்டில் நிற்பவள் ஒருத்திதான். "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்று பழமொழியும் துணைக்கு வந்துவிடும்.

படித்தவர்கள் இதையே வேறு உடையில் சொல்கிறார்கள். பாடசாலைப் பெற்றோர் கூட்டத்துக்கு நகரத்திலிருந்து வரும் வளவாளர் திரையில் நான்கு கட்டங்களைக் காட்டுவார். அடக்கி ஆளும் பெற்றோர், அளவு மீறி இடங்கொடுக்கும் பெற்றோர், கண்டுகொள்ளாத பெற்றோர், அன்பையும் கண்டிப்பையும் அளவாகக் கலந்த பெற்றோர். முதல் மூன்று கட்டங்களில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு ஆபத்து. நான்காவது கட்டத்துக்கு ஏறிவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார் தலையாட்டுவார்கள். தாங்கள் எந்தக் கட்டம் என்று அவர்கள் ஒவ்வொருவருக்கும் மனதுக்குள் ஒரு தீர்ப்பு விழுந்திருக்கும்.

வளர்ப்பு முறை பிள்ளையின் மனத்தைத் தொடுகிறது என்பதில் சண்டை இல்லை. அடியும் அவமானமும் பிள்ளையை உடைக்கும். அதற்கு ஆய்வு கூடத் தேவையில்லை. இங்கே மறுக்கப்படுவது அதற்கு அடுத்த படி. பிள்ளைகள் சாவது வளர்ப்பால்தான், ஆகவே பெற்றோரைத் திருத்தினால் சாவு நிற்கும் என்கிற அந்த முடிவை, உலகத்தில் வேறு எந்த நாட்டையும்விட இலங்கையின் சொந்த வரலாறே பொய்யாக்கி வைத்திருக்கிறது. அந்த வரலாறு இங்கே பெற்றோர் கூட்டங்களில் சொல்லப்படுவதில்லை என்பதுதான் வியப்பு.

1950க்கும் 1995க்கும் இடையில் இலங்கையின் தற்கொலை விகிதம் எட்டு மடங்காக ஏறியது. 1995இல் ஒரு லட்சம் பேருக்கு 47. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அதுவும் ஒன்று. பெண்களைப் பொறுத்தவரை மிக அதிகமாக மாண்டவர்கள் பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் இருந்தவர்கள். பிறகு சரிவு தொடங்கியது. 2005க்குள் விகிதம் பாதியானது. 1986 முதல் 1995 வரையான பத்தாண்டுகளோடு ஒப்பிட்டால், அடுத்த பத்தாண்டுகளில் 19,769 மரணங்கள் குறைந்திருந்தன. சரிவு அதோடும் நிற்கவில்லை. இன்னும் பத்தாண்டு கழிந்தபோது விகிதம் உச்சத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியிருந்தது.

இந்தப் பத்தாண்டுகளில் இந்நாட்டுப் பெற்றோர் கூட்டத்தோடு நான்காவது கட்டத்துக்குக் குடிபெயர்ந்தார்களா? 1995இல் பிள்ளையை ஏசிக்கொண்டிருந்த தாய் 1998இல் வாய் மூடிக்கொண்டாளா? உண்மையில் அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். போர் நடந்துகொண்டிருந்தது. மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகப் போகும் தாய்மார் தொகை கூடிக்கொண்டே வந்தது. ஊருக்கு ஊர் சாராயம் ஓடியது. வளர்ப்புதான் காரணம் என்றால் அந்த ஆண்டுகளில் சாவு ஏறியிருக்க வேண்டும். அது இறங்கியது.

பிரித்தானியாவின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கன்னலும் அவரோடு சேர்ந்த இலங்கை, வெளிநாட்டு ஆய்வாளர்களும் 2007இல் இந்தச் சரிவை நுணுகிப் பார்த்தார்கள். வேலையின்மை, மதுப் பழக்கம், விவாகரத்து, போர் நடந்த ஆண்டுகள் என்று எல்லாவற்றையும் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். எதுவும் பொருந்தவில்லை. பொருந்தியது ஒன்றுதான்: பீடைகொல்லிகள் பதிவாளரின் கையெழுத்து. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த அதிகாரிக்குத் தந்த அதிகாரத்தைக் கொண்டு, 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடொபொஸ் உள்ளிட்ட மிகக் கொடிய வகைகள் நிறுத்தப்பட்டன. 1998இல் எண்டோசல்பான். 2008 தொடங்கி 2011க்குள் பராகுவாட் உட்பட இன்னும் மூன்று. இந்தத் தடைகளால் 1995க்கும் 2015க்கும் இடையில் காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏறத்தாழ 93,000 என்று பின்னர் கணக்கிட்டிருக்கிறார்கள். இரத்தினபுரி நகரத்தைப் போல ஒன்றுக்கு மேற்பட்ட நகரங்களை அந்த எண்ணிக்கையால் நிரப்பிவிடலாம். அந்த 93,000 பேரின் பெற்றோரில் யாரும் எந்தக் கருத்தரங்குக்கும் போய்த் திருந்தி வந்தவர்கள் அல்லர்.

மலையகத் தமிழில் இதற்கு ஒரு சொல் சாட்சி இருக்கிறது. நோய்க்குக் கொடுப்பதும் மருந்து, செடிக்கு அடிப்பதும் மருந்து. "மருந்து குடிச்சிட்டா" என்று யாராவது ஓடிவந்து சொன்னால் கேட்கிறவருக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. அடுத்த நொடி லொறியோ முச்சக்கரவண்டியோ தேடி ஓடுவார்கள். அந்தச் சொல் இவ்வளவு பழகிப்போனதற்குக் காரணம், அந்தப் பொருள் அவ்வளவு பழகிப்போயிருந்ததுதான். இலங்கையின் கிராமங்களில் அது வீட்டுக்குள் வந்தது 1960களுக்குப் பிறகு, பசுமைப் புரட்சியின் கைபிடித்து. அதற்கு முன்னும் தாய்மார் ஏசினார்கள், தகப்பன்மார் அடித்தார்கள், காதல் முறிந்தது, பிள்ளைகள் கோபித்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் மாலையில் எழுந்து வந்து சோறு தின்றார்கள்.

இங்கே வழக்கமாக ஒரு குரல் குறுக்கிடும். "எங்கள் காலத்தில் அப்பா பிரம்பால் விளாசுவார், நாங்கள் என்ன செத்தா போனோம்? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஃபோனைக் கொடுத்து, செல்லம் கொடுத்து, ஒரு சொல் தாங்காதவர்களாக ஆக்கிவிட்டோம்." இதைச் சொல்கிறவருக்கு ஐம்பது வயதென்று வைத்துக்கொள்வோம். அவர் இளைஞராக இருந்த காலம் எது? வீட்டில் ஃபோன் இல்லாத, பிரம்பு இருந்த, ஆசிரியர் காதைத் திருகினால் "இன்னும் ரெண்டு போடுங்க சேர்" என்று பெற்றோரே சொன்ன காலம். அதுதான் லட்சத்துக்கு 47 என்று இந்த நாடு உச்சத்தில் நின்ற காலம். தாங்கிக்கொண்ட தலைமுறை என்று அவர் பெருமைப்படும் தலைமுறைதான் இந்நாட்டு வரலாற்றிலேயே அதிகம் மாண்ட தலைமுறை. தாங்காதவர்கள் வந்து சாட்சி சொல்வதில்லை. அதனால் தாங்கியவர்களின் கதை மட்டும் ஊரில் உலவுகிறது.

சரி, மருந்துப் போத்தலைப் பூட்டி வைக்காதது பெற்றோரின் பிழைதானே என்று சிலர் கொஞ்சம் இறங்கி வந்து கேட்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தெரியும். அதையும் இந்த நாட்டிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்கள், ஐம்பத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் போட்ட பெட்டி கொடுத்தார்கள், பாதியில் கொடுக்கவில்லை. 2017இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது: இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. சாவியை எவ்வளவு பொறுப்பாக வைத்துக்கொண்டாலும் வீட்டுப் பாதுகாப்பால் ஆகாத வேலையை, பேராதனையில் ஒரு பதிவாளரின் தடை ஆணை செய்து முடித்திருந்தது. பெற்றோரின் கவனம் எங்கே முடிகிறது, அரசின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எல்லைக்கல் கிடைக்காது.

அந்த மாகாணத்து வைத்தியசாலைகளில் பிழைத்துப் படுத்திருந்தவர்களிடம் மைக்கேல் எடில்ஸ்டன் என்ற ஆய்வாளரின் குழுவினர் பேசியபோது தெரியவந்தது இன்னொன்று. பலர் யோசித்த நேரம் அரை மணிக்கும் குறைவு. எது கடுமையானது என்று தேடி எடுத்தவர்கள் அல்லர். கைக்கு எட்டியதை எடுத்தவர்கள். ஒரு கோபத்தின் ஆயுள் அரை மணி. அந்த அரை மணியைக் கடந்துவிட்டால் பெரும்பாலோர் வாழ்கிறார்கள். ஒருமுறை முயன்று தப்பியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிற்காலத்தில் தற்கொலையால் இறப்பதில்லை என்று பல நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன. சாவதென்று தீர்மானித்தவனை யாரால் தடுக்க முடியும் என்ற ஊர்ப்பேச்சு இவ்விடத்தில் உதிர்ந்துபோகிறது.

இனி, எதிர்த்தரப்பின் பலமான வாதத்துக்கு வரலாம். தடைகளால் குறைந்தது மரணம்தான், முயற்சி குறையவில்லையே என்று அவர்கள் கேட்கலாம். உண்மை. நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வருகிறவர்களின் தொகை அந்த ஆண்டுகளில் குறையவில்லை, கூடவே செய்தது. 2016இல் நாடு முழுக்கப் பாடசாலை மாணவரிடம் நடத்திய சுகாதார ஆய்வில், 13 முதல் 17 வயதுள்ளவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்குத் தற்கொலையைத் தீவிரமாக எண்ணியதாகச் சொன்னார்கள். அந்த வேதனைக்காவது வீடு பொறுப்பில்லையா?

ஓரளவுக்குப் பொறுப்புத்தான். ஆனால் எவ்வளவு என்பதில்தான் நான்கு கட்டப் படம் ஏமாற்றுகிறது. அந்தக் கட்டங்களின் மூலம், டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் 1960களில் அமெரிக்காவின் பேர்க்லியில் பாலர் பாடசாலைப் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் பார்த்து வகுத்தது. பெரும்பாலும் வெள்ளை இன நடுத்தரக் குடும்பங்கள். முதலில் மூன்றே வகைதான். நான்காவது 1983இல் வேறு இருவர் சேர்த்தது. 1994இல் ரூத் சாவோ என்ற ஆய்வாளர், சீனக் குடும்பங்களில் கண்டிப்பு என்பதன் பொருளே வேறு, அங்கே அது அக்கறையின் அடையாளமாகவும் பிள்ளைகளால் உணரப்படுகிறது என்று காட்டி இந்தக் கட்டங்களை அசைத்துப் பார்த்தார். பேர்க்லியின் அளவுகோலை எடுத்துவந்து குருவிட்டத் தோட்டத்து லயத்தில் வைத்து அளந்தால், விடியற்காலை நாலரைக்கு எழுந்து றப்பர் பால்வெட்டுக்குப் போகிற தகப்பன் "கண்டுகொள்ளாத பெற்றோர்" ஆகிவிடுவான்.

வளர்ப்பையும் தற்கொலை எண்ணத்தையும் இணைக்கும் ஆய்வுகள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை பிள்ளையிடமே ஒரே ஒரு தடவை கேட்டு எழுதியவை: உன் மனம் எப்படி, உன் அப்பா அம்மா எப்படி? மனம் இருண்டு கிடக்கும் பிள்ளைக்கு வீடும் இருட்டாகத்தான் தெரியும். அதைவிட முக்கியம், எது முந்தியது என்ற கேள்வி. 1968இலேயே ரிச்சர்ட் பெல் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைக் கேட்டுவிட்டார்: பெற்றோர் பிள்ளையை ஆக்குகிறார்களா, பிள்ளை பெற்றோரை ஆக்குகிறதா? பாடசாலைக்குப் போக மறுத்து, சாப்பாட்டைத் தள்ளி, இரவெல்லாம் விழித்திருக்கும் மகளைப் பார்த்துப் பயந்துபோன தாய் குரலை உயர்த்துகிறாள். ஆய்வுத் தாளில் அது "அடக்கி ஆளும் பெற்றோர்" என்று பதிவாகிறது. நோயின் அறிகுறி நோயின் காரணமாக எழுதப்படுவது இப்படித்தான்.

எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். இன்று இரவு சப்ரகமுவவின் தோட்டங்களில் எத்தனை ஆயிரம் பிள்ளைகள் ஏச்சு வாங்குவார்கள்? நாளைக் காலை ஏறத்தாழ எல்லாருமே தலை வாரி, பாடசாலைக்குப் போவார்கள். எங்கும் இருக்கிற ஒன்றைக் கொண்டு, எங்கோ ஒரு வீட்டில் நிகழ்கிற ஒன்றை விளக்கிவிட முடியாது. அந்த ஒரு வீட்டில் வேறு என்ன இருந்தது என்றுதான் கேட்க வேண்டும்.

ஜீன் மாரெசெக், சந்தனி செனதீர என்ற இரு ஆய்வாளர்கள் இலங்கையின் தென்பகுதியில், தமக்குத் தாமே தீங்கு செய்துகொண்டு பிழைத்த பெண் பிள்ளைகளிடமும் அவர்களின் தாய்மாரிடமும் பேசி 2012இல் எழுதினார்கள். ஏச்சு அங்கே திரும்பத் திரும்ப வருகிறது, மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஏச்சின் உள்ளடக்கத்தைக் கவனித்தால் கதை மாறுகிறது. பையனோடு பேசினாயாமே, ஊர் என்ன சொல்லும்? தாயின் வாய் வழியாக ஊர் பேசுகிறது. மகளின் பேர் கெட்டால் தாயின் வளர்ப்புக் கெட்டது என்று அதே ஊர்தான் தீர்ப்புச் சொல்லும். அந்தப் பயம்தான் கையை ஓங்க வைக்கிறது. பிள்ளை இறந்த பிறகு "தாய் ஏசினாள்" என்று குற்றம் சாட்டுகிறவர்களும், முந்தின நாள் "மகளை அடக்கி வளக்கத் தெரியல்ல" என்று அவளைக் குத்திக்காட்டியவர்களும் ஒரே ஆட்கள்.

லயத்தில் இது இன்னும் நெருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. அதில் மூன்று தலைமுறை. சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். ஒரு தாய் மகளைத் தனியாக ஏச வேண்டும் என்று நினைத்தாலும் தனி என்று ஓர் இடம் கிடையாது. ஏச்சு கேட்பது மகள் மட்டும் அல்ல, வரிசையில் இருக்கிற அத்தனை வீடும். கதவை அடைத்துக்கொண்டு அழ ஓர் அறை இல்லாத பிள்ளைக்கு, நாளை பீலிக்கரையில் எல்லார் முகத்திலும் விழிக்க வேண்டுமே என்ற எண்ணம் எவ்வளவு பாரம்? அந்தக் காம்பராவைக் கட்டியது பெற்றோர் அல்ல. வெள்ளைக்காரத் துரைமார் கட்டினார்கள். பிறகு வந்த அரசும் கம்பனிகளும் கூரைத் தகரத்தை மாற்றிக்கொடுத்தார்கள். வளர்ப்பு முறை பற்றிய எந்த வினாத்தாளிலும் சுவரின் கனம் பற்றி ஒரு கேள்வி இருப்பதில்லை.

வெளிநாடு போன தாயின் கதை இதைவிடக் கசப்பானது. 2013இல் இலங்கை அரசு, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள பெண்கள் வீட்டுப் பணிக்கு வெளிநாடு போகக் கூடாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒரு தாள் பெண்ணுக்கு மட்டும் கட்டாயமானது. தகப்பனிடம் அப்படி ஒன்றை யாரும் கேட்கவில்லை. அவன் போனால் உழைப்பாளி. 2022இல் டொலர் தட்டுப்பாடு வந்ததும் அந்த வயதெல்லை ஐந்திலிருந்து இரண்டாக இறங்கியது. பிள்ளை உளவியல் அந்த ஆண்டில் மாறிவிடவில்லை, அந்நியச் செலாவணிக் கையிருப்பு மாறிவிட்டது. தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபாயைத் தொட்டதே 2021இல்தான், அதுவும் எத்தனையோ வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. குருவிட்டப் பக்கத்தில் மழை பிடித்தால் பால்வெட்டு நிற்கும். மழையோ நாட்டிலேயே அதிகம் பெய்யும் இடங்களில் இதுவும் ஒன்று. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து விமானம் ஏறியவளை, பிள்ளையைக் கைவிட்டவள் என்று சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

பொலிஸ் திணைக்களத்தின் புள்ளிவிவரப் படிவத்தையும் ஒருமுறை பார்க்கலாம். தற்கொலைக்கான காரணங்கள் அதில் பட்டியலாக இருக்கும்: பொருளாதாரப் பிரச்சினை, காதல் தோல்வி, பரீட்சையில் தோல்வி, மூத்தோருடனான பிரச்சினை, இப்படிப் போகும். ஒரு மரணத்துக்கு ஒரு காரணம். பதினாறு வயதுப் பிள்ளையின் மரணத்தில் விசாரிக்க வந்த உத்தியோகத்தர் கேட்பார்: "கடைசியா என்ன நடந்திச்சு?" கடைசியாக நடந்தது எப்போதும் வீட்டில்தான் நடந்திருக்கும், ஏனென்றால் பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது. ஆறு மாதமாகத் தூங்காதது, வகுப்பில் கணித ஆசிரியர் இல்லாதது, கடன்காரர் வாசலில் நின்றது, யாரோ ஃபோனில் படம் எடுத்துப் பயமுறுத்தியது இவற்றுக்கெல்லாம் அந்தப் படிவத்தில் இடமில்லை. கடைசிச் சம்பவம் காரணமாகிறது. பிறகு அந்த எண்ணிக்கையையே எடுத்துவந்து, பாருங்கள் வீட்டுச் சண்டைதான் முதல் காரணம் என்று கருத்தரங்கில் காட்டுகிறார்கள்.

தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் ஒவ்வொரு மே மாதமும் பரீட்சை முடிவோடு இறப்புச் செய்திகளும் வரும். அங்கேயும் இதே பல்லவிதான்: பெற்றோரின் பேராசை, மதிப்பெண் வெறி. 1986இல் சென்னையில் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் வேறு ஒன்றை வலியுறுத்தினார்கள். தோற்ற பாடத்தை ஓர் ஆண்டு காத்திராமல் ஓரிரு மாதத்தில் திரும்ப எழுத வழி செய்யுங்கள். துணைத் தேர்வு முறை வந்த பிறகு தேர்வுத் தோல்வியை ஒட்டிய மரணங்கள் குறைந்தன என்று அவர் சொல்லிவருகிறார். தமிழ்நாட்டுப் பெற்றோரின் மதிப்பெண் வெறி அப்படியே இருக்கிறது, அதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஒரு விதி மாறியது. இலங்கையில் சாதாரண தரத்தில் தவறிய தோட்டத்துப் பிள்ளைக்கு அடுத்த வாய்ப்பு எப்போது, இடைப்பட்ட காலத்தில் அது எங்கே போய் உட்காரும் என்பது பற்றி எத்தனை பெற்றோர் கூட்டங்களில் பேசியிருக்கிறார்கள்?

முயன்று தப்பியவர்களுக்கு என்ன செய்தால் பலன் என்பதற்கும் கைவசம் விடை உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் 1,867 பேரை வைத்து நடத்திய ஆய்வில் சென்னையும் கொழும்பும் இருந்தன. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு வைத்தியசாலையிலேயே ஒரு மணி நேர உரையாடல். வீடு போன பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது தடவை தொலைபேசியிலோ நேரிலோ ஒருவர் நலம் விசாரிப்பார். 2008இல் முடிவு வந்தது. விசாரிக்கப்பட்டவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 0.2 விழுக்காடு, மற்றவர்களில் 2.2. ஒன்பது தடவை "எப்படி இருக்கீங்க" என்று கேட்டதன் விலை அவ்வளவுதான், பலன் இவ்வளவு. குருவிட்டயிலிருந்து இரத்தினபுரி போதனா வைத்தியசாலை தூரமில்லை, பஸ் ஏறினால் ஆயிற்று. தோட்டத்துப் பிள்ளை அங்கே போய்ப் பிழைத்து வந்த பிறகு, தமிழில் அந்த ஒன்பது கேள்வியைக் கேட்பது யார்? தோட்ட டிஸ்பென்சரியில் இருப்பவருக்கு அந்தப் பயிற்சி உண்டா? பெற்றோர் எந்தக் கட்டம் என்று தேடுவதைவிட இந்தக் கேள்விக்கு ஆளைத் தேடுவது பயனுள்ள வேலை.

வளர்ப்புச் சித்தாந்தம் வெறும் பிழையான விளக்கமாக மட்டும் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அது ஆளை ஊமையாக்குகிறது. மகன் மாறிவிட்டான் என்று ஒரு தாய்க்குத் தெரிகிறது. வெளியே சொன்னால் முதல் கேள்வி "நீ என்ன செஞ்ச?" என்றுதான் வரும் என்பதும் தெரிகிறது. அதனால் சொல்லாமல் கோயிலுக்கு நேர்த்தி வைக்கிறாள், மந்திரிக்கிறாள், காத்திருக்கிறாள். இந்த நாடு தற்கொலை முயற்சியைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது 1998இல். சட்டம் விடுவித்துவிட்டது, லயம் இன்னும் விடுவிக்கவில்லை. பிள்ளையை இழந்த வீட்டிலோ மற்றப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தாய் கொன்றவள் ஆகிவிட்ட வீட்டில், அந்தப் பிள்ளைகள் தங்கள் துக்கத்தை யாரிடம் போய்ச் சொல்லும்?

இதனால் பெற்றோர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்ற சமாதானத்தை அடி வாங்கிய எந்தப் பிள்ளையும் கண்டுபிடிக்கவில்லை. பிள்ளை பல நாளாகத் தூங்கவில்லை, பிடித்ததைச் சாப்பிடவில்லை, "நான் இல்லாட்டி நல்லம்" என்கிறது என்றால், நேரடியாகவே கேட்கலாம்: சாகணும் போல இருக்கா? கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை; கேட்கப்பட்ட பிள்ளைக்கு மூச்சு விட ஓர் இடம் கிடைக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண் நாள் முழுக்கத் தமிழிலும் பதில் சொல்ல ஏற்பட்டது. 1333 இன்னொன்று. 1974இல் ஜோன் டி மெல் தொடங்கிய சுமித்ராயோ அமைப்பு இன்றும் காது கொடுக்கிறது. இந்த எண்களை அழைக்கிற பெற்றோர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று மறுமுனையில் யாரும் கேட்கப்போவதில்லை.

பாடசாலை மண்டபத்தில் கூட்டம் முடிகிறது. வளவாளர் மடிக்கணினியை மூடுகிறார், தேநீர் வருகிறது. பின்வரிசைத் தாய்மாரில் பலர் தேநீருக்கு நிற்பதில்லை. காலையில் கொழுந்துக்குப் போகாததால் அன்றைக்கு அவர்களுக்குப் பேர் இல்லை, அதாவது நாட்சம்பளம் இல்லை. இப்போது ஓடினால் பின்னேர வேலைக்காவது அரைப்பேர் விழும். பிள்ளையோடு நேரம் செலவிட வேண்டும் என்று அவர்களுக்கு இரண்டு மணி நேரம் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்துக்கான சம்பளத்தை யார் தருவது என்பது மட்டும் திரையில் எந்தக் கட்டத்திலும் இருக்கவில்லை.